ஏரோப்ளேன் பொட்டலுக்கு எட்டு வரி

1

இந்தக் கதை ஆதிநாதனுக்குத் தானாகத் தோன்றியது கிடையாது. அவரிடம் கேட்டு வாங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் யாராவது ‘இந்தக் கரு எப்படிக் கிடைத்தது சார்’ என்று கேட்கும்போது கடலைப் பார்த்தபடி மோவாயைத் தடவுகிற வேலை மிச்சம்.

கேட்டவர் செந்தூர்பாண்டி. உடன்குடிக்காரர், தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஏரோப்ளேன் பொட்டலைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்குத் தலைவரும் அவர்தான். சங்கத்தில் நடப்பதைவிட நின்று பேசுவது அதிகம். அப்படி நின்று பேசும்போதுதான் ஆதிநாதனைப் பிடித்தார்.

“சாமி, நீங்கதான் கதையெல்லாம் எழுதுதீங்கள்லா. நம்ம பொட்டலுக்கு ஒரு எட்டு வரி வரலாறு எழுதித் தாங்க. கல்லுல வெட்டணும்.”

“என்ன வரலாறு?”

“அந்தக் காலத்துல இங்கன ஏரோப்ளேன் எறங்குச்சுல்லா, அதுதான். ஊருக்கே தெரியும். நீங்க கொஞ்சம் நல்ல தமிழ்ல போட்டுத் தந்தாப் போதும்.”

எட்டு வரிதானே என்று ஆதிநாதன் தலையாட்டிவிட்டார். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வாழ்நாளெல்லாம் சரக்கு விவரம் எழுதி ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறார், அவை பெரும்பாலும் அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. எட்டு வரி எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு வரியும் வரவில்லை. அந்த எட்டு வரியை எழுத முயன்றதில் வந்து சேர்ந்ததுதான் நீங்கள் இப்போது படிப்பது.

(இதை எழுதுகிறவரும் ஆதிநாதன்தான். ‘நான்’ என்று எழுதினால் அவர் மனைவி குமுதவல்லி வரிக்கு வரி பென்சிலால் ‘இப்படி நடக்கலை’ என்று எழுதிவிடுகிறார். ‘ஆதிநாதன்’ என்று எழுதினால் யாரோ ஒருவன் என்று விட்டுவிடுகிறார். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் கண்டுபிடித்த உத்தி இது.)

2

கதைக்குள் போவதற்கு முன்னால் விவகாரம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நடுவில் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், நியாயமும் அதுதான்.

பொட்டலில் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. பேச்சு என்றால் வெறும் பேச்சு இல்லை, அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். மேலிடத்தில் ஓர் அதிகாரி, ‘அந்த இடத்துக்கு ஏதாவது பழைமை இருந்தால் சொல்லுங்கள், தொடமாட்டோம்’ என்றார். செந்தூர்பாண்டி உடனே ஏரோப்ளேனைச் சொன்னார். சொன்ன கையோடு ஒரு திட்டமும் போட்டார். பொட்டல் நடுவில் சிமெண்டில் ஒரு ஏரோப்ளேன், அதைச் சுற்றிப் புல்தரை, கலர் விளக்கு, வேலி. நடக்கிறவர்களுக்குச் சுற்றிலும் டைல்ஸ் நடைபாதை.

அந்த டைல்ஸ் வரப்போகிற இடம்தான் ஓடுபாதை. அதில் ஓடுகிறவள் ஐஸ்வர்யா. செந்தூர்பாண்டியின் தங்கச்சி மகள், நானூறு மீட்டர் ஓடுகிறவள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், சாயங்காலம் அதே மண்ணில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறாள். முழுச்சுற்று ஓடுவதற்கு அவளுக்குத் தெரிந்து ஊருக்குள் வேறு மண்பாதை இல்லை. மாநிலப் போட்டிக்கான தேர்வும் இங்கேதான் நடக்கப் போகிறது.

அவள் ஆதிநாதனின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“சார், பிளேன் எறங்கலைன்னு எழுதிருங்க.”

“எறங்கலைன்னா கார் நிறுத்தம் வந்துடுமேம்மா.”

“எறங்குச்சுன்னா டைல்ஸ் வந்துரும். கார் நின்னாலும் நான் ஓட முடியாது, பிளேன் நின்னாலும் ஓட முடியாது. எனக்கு ஒண்ணும் நிக்கக் கூடாது சார். இடம் சும்மாக் கெடந்தாப் போதும்.”

குமுதவல்லி அவளுக்கு மக்ரூன் கொடுத்தார். தேர்வு முடியும்வரை இனிப்புத் தொடமாட்டேன் என்று அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். அன்றைக்கு ஆதிநாதனுக்குத் தூக்கம் கெட்டது. கல்லில் வெட்டுகிற எட்டு வரிக்கு இவ்வளவு பேர் வாசகர்களாக இருப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. தொகுப்புகளுக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை.

3

முதல் தொடக்கம்:

‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு தை மாதம்’

அதற்கு மேல் போகவில்லை. பதினொன்று என்று யார் சொன்னது? செந்தூர்பாண்டியைக் கேட்டால் “யுத்தத்துக்கு முன்னால” என்கிறார். எந்த யுத்தம் என்றால் “பெரிய யுத்தம்” என்கிறார்.

இரண்டாம் தொடக்கம்:

‘கீழ்வானில் ஓர் இரைச்சல். முத்துக்குளிப்புக்குக் கூடியிருந்த மக்கள் அண்ணாந்து பார்த்தனர். முறுக்கிய மீசையுடன் பிரெஞ்சு விமானி’

“மீசை எங்கேருந்து வந்தது?” என்று குமுதவல்லி கேட்டார்.

“அந்தக் காலத்துல எல்லாரும் வெச்சிண்டிருந்தா.”

“பிரெஞ்சுக்காரன்னு யார் சொன்னா?”

ஆதிநாதன் மீசையை எடுத்தார். பிறகு பிரெஞ்சையும் எடுத்தார். மிஞ்சினது வெறும் விமானி. அவனுக்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று ஆசை வந்தது. வைத்தால் அடுத்த வாரமே அந்தப் பெயரில் ஒரு தெரு வந்துவிடும். அதனால் இந்தக் கதை முழுக்க அவன் விமானிதான். முகமில்லாமல் வந்து முகமில்லாமல் போவான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தொடக்கம்:

‘மண்ணுக்கும் விண்ணுக்கும்’

(வேண்டாம். இதைப் பார்த்ததாக யாரிடமும் சொல்லாதீர்கள்.)

4

தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று ஆதிநாதன் ஊருக்குள் கிளம்பினார். கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள். ஆதிநாதன் செய்தது டீ குடித்தது.

கடற்கரைத் தெருவில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் ஜெஃப்ரியிடம் முதலில் போனார். ஜெஃப்ரிக்குச் சந்தேகமே இல்லை. “எங்க பூட்டன் பேண்டு வாசிச்சவரு. பிளேன் வந்த அன்னைக்குப் பேண்டு செட்டோட பொட்டலுக்கு நட்டநடுவுல நின்னிருக்காரு. வாசிச்சது என்ன பாட்டுன்னுகூட எங்க வீட்டுல சொல்லுவாவ.”

அடுத்து ஜவுளிக்கடை தேவபிரசாதம். அவர் வீட்டுப் பெரியவர் எழுதிக்கொண்டு வந்த வரவேற்புரையை வாசிக்க மேடை போட்டிருந்தார்களாம். மேடை எங்கே என்று கேட்டதற்கு, “நடுவுலதான். பின்ன, ஓரத்துலயா போடுவாவ? வாரவனுக்கு மரியாதை வேண்டாமா?” என்றார்.

உப்பளத்தில் வேலை பார்க்கிற ஆறுமுகத்தாயின் குடும்பத்தில் பூரண கும்பம் எடுத்தார்கள். செந்தூர்பாண்டியின் வம்சம் உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது, விமானிக்கு அன்பளிப்பாக. வண்டி, மாடு எல்லாம் பொட்டலுக்கு மத்தியில் நின்றது. ஆழ்வார்திருநகரியிலிருந்து கோயில் மரியாதையோடு ஒரு கூட்டம் போனதாக ஆதிநாதனின் சித்தப்பாவே சொல்வதுண்டு. பரிவட்டம் கட்டத் தலை வேண்டுமே, அதற்காக முன்வரிசையில் இடம் பிடித்தார்களாம்.

எல்லோர் வீட்டிலும் ஏரோப்ளேன் உண்டு. எல்லோர் வீட்டிலும் கதை, விமானம் தலைக்கு மேலே வந்ததும் முடிந்துவிடுகிறது. ‘அதுக்கப்புறம்?’ என்று ஆதிநாதன் கேட்டபோது எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். அதற்கப்புறம் இறங்கியிருக்கும், வேறென்ன என்கிற பார்வை.

அவர் அதைக் கவனித்தார், ஆனால் அதன் அர்த்தம் விளங்கவில்லை. மேடையையும் மாட்டுவண்டியையும் வைத்து நல்ல வர்ணனை எழுதலாம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். எழுத்தாளர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

5

அடுத்த நாள் காலை பொட்டலில் செந்தூர்பாண்டியும் இருந்தார், ஐஸ்வர்யாவும் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஆதிநாதன் திரட்டியதை எல்லாம் வாசித்தார். பேண்டு, மேடை, கும்பம், கருப்பட்டி வண்டி, பரிவட்டம். செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வம்சம் வண்டி கட்டிக்கொண்டு வந்ததை வேறொருவர் வாயால் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஐஸ்வர்யா தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள். “மாமா, பேண்டு நடுவுல நின்னுச்சு. மேடை நடுவுல நின்னுச்சு. நம்ம வண்டி நடுவுல நின்னுச்சு. அப்போ பிளேன் எங்கன எறங்குச்சு?”

செந்தூர்பாண்டி பொட்டலைப் பார்த்தார். ஆதிநாதனும் பார்த்தார். அப்போதும் அங்கே ஐந்தாறு பேர் ஓடுபாதையிலேயே நின்று மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எறங்கலை” என்றாள் ஐஸ்வர்யா. “எறங்க விடலை. மாலை போடுதேன், மேளம் அடிக்கேன்னு ஊரே போய் அந்தத் தரையில நின்னா அவன் யார் தலையில எறங்குவான்? சுத்திப் பாத்துட்டுப் போயிருப்பான்.”

“ஏளா, சும்மா கெட” என்றார் செந்தூர்பாண்டி. குரலில் வலுவில்லை. பிறகு ஆதிநாதனிடம் மெதுவாகச் சொன்னார்: “நம்ம ஆளுவ அப்படித்தான் செஞ்சிருப்பாவ சாமி. ஓரமா நின்னு வரவேற்கது நமக்குப் பழக்கமே இல்லை.”

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் விமானம் இறங்கவில்லை என்றால் பொட்டலுக்குப் பழைமை இல்லை, பழைமை இல்லையென்றால் சுண்ணாம்புக் கோட்டின் மேல் தூண் எழும்பும். ஒரு பெண் ஓட வேண்டியிருக்கிறபோது அழகான இடத்தில் கதையை முடிக்க ஆதிநாதனுக்கு மனம் வரவில்லை.

6

அதனால் அவர் புனைந்தார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

விமானம் மூன்று முறை சுற்றியது. கீழே மேளம், மாலை, மாடு. இறங்க வழியில்லாமல் வடக்கே வேம்பார்ப் பக்கம் போய் ஒரு வெறுந்தரையில் இறங்கி இரவைக் கழித்தது. மறுநாள் விடிகாலை திரும்பி வந்தது. ஊரார் முந்தின நாள் வெயிலில் நின்ற களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பொட்டல் காலியாகக் கிடந்தது. இறங்கியது, கொஞ்ச நேரம் நின்றது, கிளம்பிப் போனது. பார்த்தவர்கள் யாருமில்லை. பார்த்தவர் இல்லாததால் மறுப்பவரும் இல்லை, அதுதான் இதில் உள்ள வசதி.

கல்லுக்கு எட்டு வரி இப்படி வந்தது:

இங்கே இறங்க வந்த விமானத்தை
வரவேற்க ஊரே நடுவில் நின்றது.
இடமில்லாமல் விமானம் திரும்பிப் போனது.
மறுநாள் விடிகாலை
பொட்டல் காலியாக இருந்தது.
விமானம் இறங்கியது.
ஆகவே இந்த இடம்
என்றும் காலியாகவே இருக்கட்டும்.

குமுதவல்லி இரண்டு முறை படித்தார். “ஆறாவது வரி பொய்.”

“ஆமாம்.”

“கதையில பொய் சொல்றது வேற. கல்லுல வெட்டறேளே.”

“அந்த வரியை எடுத்தா கார் நிறுத்தம் வரும். கடைசி ரெண்டு வரியை எடுத்தா டைல்ஸ் வரும். நீயே சொல்லு, எதை எடுக்கட்டும்?”

குமுதவல்லி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு நன்னா ஓடறாளா?” என்று கேட்டார். நன்றாக ஓடுகிறாள் என்றார் ஆதிநாதன். “அப்போ இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

செந்தூர்பாண்டி கடை வாசலில் நின்று எட்டு வரியையும் சத்தம்போட்டு வாசித்தார். ‘இறங்கியது’ வந்தபோது முகம் மலர்ந்தது. ‘காலியாகவே’ வந்தபோது சற்றுத் தயங்கினார்.

“சிமெண்டுப் பிளேனு?”

“வெச்சா, அப்புறம் காலியா இருக்காதே.”

செந்தூர்பாண்டி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சிமெண்டு விமானத்துக்கு நீலமா சிவப்பா என்று வண்ணம்கூட மனதில் தீர்மானித்து வைத்திருந்தவர் அவர். “சரி, பிள்ளை ஓடட்டும்” என்றார். அந்த இடத்தில் ஆதிநாதனுக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பகுதியில் அவரைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

7

மேலிடம் ஒப்புக்கொண்டது. கார் நிறுத்தத் திட்டம் வேறு பக்கம் போனது. கல் வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் பொறுப்பைச் செந்தூர்பாண்டி எடுத்துக்கொண்டார். ஐஸ்வர்யாவின் தேர்வு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. விழாவையும் அதே ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தார்.

“கூட்டத்தோட கூட்டமா எல்லாரும் பிள்ளைக்குக் கைதட்டலாம்லா” என்றார். அவர் மனதில் வஞ்சம் ஏதுமில்லை. வஞ்சம் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம், பாசத்தை என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை ஆதிநாதனும் குமுதவல்லியும் பொட்டலுக்குப் போனபோது ஷாமியானா போட்டிருந்தார்கள். அதன் கால்கள் ஓடுபாதையின் கடைசி வளைவில் ஊன்றியிருந்தன. நேர்பாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓட்டம் முடிகிற கோட்டின் பக்கத்தில் கல், பட்டுத்துணி போர்த்தியிருந்தது. ஜெஃப்ரி எங்கிருந்தோ ஒரு பேண்டு செட்டைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தார். தேவபிரசாதம் கையில் வரவேற்புரை. ஆறுமுகத்தாய் வீட்டுப் பெண்கள் கும்பத்தோடு வரிசையாக நின்றார்கள். இந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று சொல்கிற கல்லைத் திறந்துவைக்க ஊரே வந்து அதை நிரப்பியிருந்தது.

(இதை எழுதும்போது, கொஞ்சம் மிகையாகப் போய்விட்டதோ என்று ஆதிநாதனுக்குப் பட்டது. குமுதவல்லியிடம் கேட்டார். “நாற்காலி இன்னும் ஜாஸ்தியா இருந்தது. கொறைச்சு எழுதியிருக்கேள்” என்றார்.)

சிறப்பு விருந்தினர் வரவில்லை, வந்துகொண்டே இருந்தார். தேர்வு நடத்த வந்தவர்கள், வெயில் ஏறுவதற்குள் ஓட்டம் முடியாவிட்டால் பட்டியலை அப்படியே மூடிவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஐஸ்வர்யா கோட்டில் நின்றாள். செந்தூர்பாண்டி கையில் பொன்னாடையோடு அவளிடம் ஓடினார்.

“ஓடுததுக்கு முன்னால ஒரு மரியாதை செஞ்சிருதேன்ளா.”

“மாமா, சால்வை வேண்டாம். ஆளுவளை ஒதுக்குங்க. தயவுசெஞ்சு.” அவள் கோட்டை விட்டு நகரவில்லை. “இந்த ஒரு தடவை ஒதுக்குங்க மாமா. இத விட்டா எனக்கு அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என் காலு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்.”

செந்தூர்பாண்டி பொன்னாடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் செத்துப்போய்விட்டது. பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடுங்கி, “எல்லாரும் ஓடுபாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்க” என்றார். ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்தார்.

8

இங்கேதான் ஆதிநாதன் மாட்டிக்கொண்டார். முடிவுகள் இருக்கின்றன, குறை ஒன்றுமில்லை.

அ) ஊரே சேர்ந்து ஷாமியானாவைத் தூக்கி ஓரத்தில் வைக்கிறது. ஐஸ்வர்யா ஓடி முதலாவதாக வருகிறாள். குமுதவல்லியின் கருத்து: “படிக்கறவாளுக்குப் பிடிக்கும்.” சொல்லிவிட்டுப் பென்சிலைத் தேடினார்.

ஆ) அவள் நாற்காலிகளுக்கு நடுவில் வளைந்து ஓடி, கம்பம் தடுக்கி விழுகிறாள். இதை எழுதி முடித்தவுடன் ஆதிநாதனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு பெண்ணைக் கீழே தள்ளித்தான் கதைக்குக் கனம் சேர்க்க வேண்டுமா?

இ) தேர்வுக்காரர்கள் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். சிறப்பு விருந்தினர் வருகிறார். துணியை விலக்கிக் கல்லை வாசிக்கிறார்கள், எட்டாவது வரிக்கு எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதுதான் நடக்கும் என்று ஆதிநாதனின் அனுபவம் சொல்கிறது. ஆனால் அவர் அதை

இல்லை. எழுதமாட்டார்.

ஒன்று செய்யலாம் என்று அவருக்குப் பட்டது. கதையில் தான் கொண்டுவந்து நிறுத்திய ஆட்களைத் தானே வெளியேற்றலாம். ஜெஃப்ரியின் பேண்டுக்காரர்களை வேலிப் பக்கம் அனுப்பினார். தேவபிரசாதத்தின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார், உரை பாதியில் நின்றது. கும்பம் நகர்ந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். செந்தூர்பாண்டி தானே ஷாமியானாக் கயிற்றை அவிழ்த்தார், வேட்டி நுனி மண்ணில் புரண்டதை அவர் கவனிக்கவில்லை. கல்லை நாலு பேர் புரட்டி அப்பால் கொண்டுபோனார்கள். கடைசியாக, தானும் குமுதவல்லியும் முதல் தடத்திலேயே நின்றுகொண்டிருப்பதை ஆதிநாதன் பார்த்தார். இருவரும் விலகினார்கள்.

தேர்வு நடத்துகிறவரின் வாயில் விசில் இருக்கிறது. ஐஸ்வர்யா குனிந்து விரல்களை மண்ணில் ஊன்றியிருக்கிறாள். இப்போதும் அவளால் ஓட முடியவில்லை, இன்னும் ஓர் ஆள் பாதையில் நிற்கிறார்.

என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் நிற்கிறீர்கள், தெரிகிறது. அன்றைக்குப் பொட்டலில் நின்றவர்களும் அதற்காகத்தான் நின்றார்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்வரை இந்த இடம் காலியாகாது.

அவள் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். உங்கள் பெயர் அவளுக்குத் தெரியாது.

“ஒங்களைத்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”